அப்பா உயர்த்திய லொறி

போன மாதம் அப்புத்தளையில் நடந்த கல்யாணத்தில் நாம் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒருவருக்குச் சீனி வருத்தம், இன்னொருவருக்கு முழங்கால், எனக்குக் கண். பாயசம் வந்தபோது உங்களில் ஒருவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

“ஒங்கப்பா லொறி ஞாபகம் இருக்கா? ஆனை கணக்கா ஒசந்து நிக்குமே! ஏணி வச்சில்ல ஏறுவோம்!”

மேசையே சிரித்தது. வளைவில் லொறி சாயும்போது ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நாம் கத்தியதை ஒருவர் நடித்தே காட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ் இறக்கத்தில் இறங்க இறங்க, என் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. வண்டி ஓட்டத் தெரியாத கால் அது. இறக்கம் வந்தால் இத்தனை வருடமாகத் தானாகவே அழுத்துகிறது.

நீங்கள் எல்லாரும் அந்த லொறியின் பின்பக்கத்தில் வந்தவர்கள். நான் ஒரு தடவை முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அதை உங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. கேட்பதற்கும் சொல்வதற்கும் ஆள் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

நம் தோட்டம் கொஸ்லந்தைக்கு மேலே. ஃபெக்டரி, டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம், கடை எல்லாம் கீழ்க்கணக்கில். நம் லயங்கள் மட்டும் மேலே, மேகம் தங்கும் இடத்தில். இரண்டையும் சேர்க்க ஒரே ரோட்டு. அதன் நடுவில் கல்லோடை. ஒரு காலத்தில் அதன் மேல் சின்னப் பாலம் ஒன்று இருந்தது. இது நடந்ததற்கு முந்தின வருட மழையில் மலை சரிந்து பாலத்தையும் கொண்டுபோய்விட்டது. தோட்டத்திலிருந்து ஆள்விட்டு ஓடைக்குள் பாறைகளை உருட்டிப் போட்டு, இதன் மேல் வண்டி போகலாம் என்றார்கள். புதுப் பாலம் பிறகு வரும் என்றார்கள்.

லொறி, தோட்டம் பழசென்று கழித்துவிட்ட வண்டி. பச்சைப் பெயின்ட் பல இடங்களில் உரிந்து உள்ளே இருந்த சிவப்புத் தெரியும். அப்பாதான் அதன் டிரைவர். ஓடும்வரை ஓட்டிக்கொள் என்று தோட்டத்தை நடத்திய துரை விட்டுவிட்டார். கீழே தேயிலைக் கொழுந்து போகும், மேலே அரிசியும் உரமும் வரும். இடமிருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாம். லொறிக்குள் எப்போதும் ஈரச் சாக்கும் பச்சைக் கொழுந்தும் எண்ணெயும் கலந்த ஒரு வாசம். இப்போதும் தேயிலைச் சாக்கு ஒன்றைக் கடந்து போனால் பிடித்துக்கொள்ள எதையாவது என் கை தேடும்.

அந்தப் பாறைகளுக்குத்தான் அத்தை பலியானாள். அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பரா அறையில் இருந்தவள். தலைப்பிரசவம். வலி கண்டதும் அப்பா லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். ஓடையின் நடுவில், எருமை படுத்திருப்பது போலக் கிடந்த ஒரு பெரிய பாறை மேல் லொறியின் வயிறு உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் தண்ணீருக்கு மேலே சும்மா சுற்றின. எஞ்சினுக்கு அடியில் ஓட்டை விழுந்து கறுப்பு எண்ணெய் ஓடையோடு போனது. ஆம்பிளைகள் அத்தையைக் கம்பளியில் கட்டி, மூங்கிலில் கோத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்பா போகவில்லை. கடப்பாரையை எடுத்து அந்தப் பாறையை நெம்பிக்கொண்டே இருந்தார். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் இல்லை என்று ஆள் வந்து சொன்ன பிறகும் நெம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அம்மா மாசமானாள். அப்போதுதான் அப்பா லொறியை உயர்த்தப் போகிறேன் என்றார்.

“கல்லு ஒசரமா இருந்தா என்ன? வண்டி அதவிட ஒசரமா இருந்தாப் போச்சு” என்றார்.

புது உதிரிப் பாகம் வாங்க வழியில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, பதுளையில் ஒரு கராஜில் வேலை செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். பதுளைக்குப் போகிற வழியில் ஒரு வளைவுக்குக் கீழே, பள்ளத்தில் உருண்ட பழைய பஸ் ஒன்று நெடுநாளாகக் கிடந்தது. ஆட்கள் செத்த பஸ். ஜன்னல்களுக்குள்ளே காட்டுச் சூரியகாந்தி முளைத்துப் பூத்திருக்கும். அதைக் கடக்கும்போது நாம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோமே, அதே பஸ்தான். அப்பாவும் மாமாவும் கயிறு கட்டி இறங்கி, அதன் சக்கரங்களுக்கு மேலிருந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள்.

துருவேறிய நீளமான இரும்புப் பட்டைகள், வில் போல வளைந்தவை. லயத்து வாசலில் அவற்றைப் போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. பொம்பிளைகள் கிட்ட வரவில்லை.

“செத்தவங்க ஏறுன வண்டிச் சாமான். இத நம்ம வண்டியில பூட்டப் போறீங்களா?” என்றாள் அம்மா.

“இரும்புக்கு என்ன தெரியும்?” என்றார் அப்பா.

அம்மா மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து அவற்றின் மேல் தெளித்தாள். துருவின் மேல் மஞ்சள் வழிந்து, காய்ந்த இரத்தத்தின் நிறத்தில் மண்ணில் இறங்கியது. அதன் பிறகு அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் போவேன்.

வேலை பல ஞாயிறுகள் நடந்தது. லொறியின் முன்பக்கத்தை ஜெக்கால் தூக்கி, அடியில் சவுக்குக் கட்டைகளை அடுக்கி நிறுத்துவார்கள். அப்பா அதன் அடியில் படுத்துக்கொள்வார். வெளியே அவரது கால்கள் மட்டும் தெரியும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டிருந்தது. மண் ஊறி, கட்டைகள் மெல்ல மெல்ல அமுங்கும். நான் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெருவிரல் அசைந்தால் அப்பா உயிரோடு இருக்கிறார். அசையாவிட்டால் “அப்பா” என்று கூப்பிடுவேன். “என்ன?” என்பார். “ஒண்ணுமில்ல” என்பேன். ஒரு நாள் ஒரு கட்டை வழுக்கி, லொறி ஒரு சாண் கீழே இறங்கியது. மாமா என்னென்னவோ கத்தினார். அப்பா ஊர்ந்து வெளியே வந்து, சட்டையைத் தட்டிவிட்டு, புதுக் கட்டை தேடப் போனார். நான் இருந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது. யாரும் பார்க்காமல் எழுந்து போக வெகுநேரம் காத்திருந்தேன்.

அவர்கள் செய்தது இதுதான். பஸ்ஸின் பட்டைகளை லொறியின் பட்டைகளோடு சேர்த்துக் கட்டினார்கள். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில், ஃபெக்டரியில் கழித்துப் போட்ட ரோலரிலிருந்து வெட்டியெடுத்த இரும்புக் கட்டிகளை வைத்தார்கள். எல்லாவற்றையும் அணைத்துப் பிடிக்கும் வளைந்த போல்ட்டுகளை மாமாவே கரியடுப்பில் காய்ச்சி அடித்துச் செய்தார். லொறி ஒரு முழத்துக்கும் மேலாக உயர்ந்தது. அப்பா சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். அத்தை செத்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

மாமா மட்டும் இன்னும் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், பிரேக் டியூப்பு பத்தாது. பாருங்க, எப்படி இழுத்துக்கிட்டு நிக்குதுன்னு. சக்கரம் ஒரு பள்ளத்துல எறங்குனா அத்துக்கும். ஹேண்ட் பிரேக் கம்பியும் எட்டல, கழட்டித்தான் போட்டிருக்கேன்.”

“நீளமா ஒண்ணு பாத்து எடுத்துட்டு வா. அதுவரைக்கும் பதனமா ஓட்டிக்கிறேன்.”

“அதுவரைக்கும் நிப்பாட்டி வைங்க, மச்சான்.”

அப்பா லொறியின் மட்கார்டை ஒரு தட்டுத் தட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் சிரித்துச் சிரித்துப் பேசினீர்கள். ஏணி வைத்து ஏறினோம். ஓடையைத் தாண்டும்போது கைதட்டினோம். அந்தப் பாறை நமக்கு அடியில் தொடாமல் போனது. உண்மைதான், ஆனால் எனக்கு நினைவிருப்பது வேறு. முன்பெல்லாம் லொறியின் பலகை அடைப்பு நம் கண்ணை மறைத்துவிடும், பள்ளம் தெரியாது. உயர்ந்த பிறகு தெரிந்தது. தேயிலைச் செடிகளுக்கு மேலாக, கீழே கீழே என்று போய் மேகத்துக்குள் முடியும் பள்ளம். கொண்டை ஊசி வளைவில் லொறி வெளிப்பக்கம் சாய்ந்து, நிமிர யோசிப்பது போல ஒரு கணம் நிற்கும். நீங்கள் கத்துவீர்கள். நான் சாக்கு ஒன்றின் காதைப் பற்களால் கடித்துக்கொள்வேன். சணலின் ருசி, உப்பும் மண்ணெண்ணெயுமாக.

அம்மா ஒரே ஒரு தடவை அதில் போனாள், டிஸ்பென்சரிக்கு. திரும்பி வரும்போது நடந்தே வந்தாள். நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு, கல்லோடையைக் கம்பை ஊன்றித் தாண்டி, மழையில்.

“நான் இனிமே அதுல ஏற மாட்டேன். அது நிக்க மாட்டேங்குது. நிறுத்துன பொறவும் ஆடுது” என்றாள்.

லயத்துப் பொம்பிளைகள் மாசமாக இருப்பவளுக்குத் தலை சுற்றத்தான் செய்யும் என்றார்கள். டிஸ்பென்சரி ஐயா, தோட்டத்துக்கு வைத்தியம் பார்ப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், அவரும் அதையே சொன்னாராம்: “அது வயித்துப் பிள்ளையாலை வாற பயம். லொறியிலை ஒண்டும் இல்லை.” அம்மா சொன்னது லொறியைப் பற்றி. எல்லாரும் கேட்டது அவள் வயிற்றைப் பற்றி. இது எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது.

அப்பா அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். அவளுக்காகத்தானே அந்த லொறியை அவர் உயர்த்தினார்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. நீளமான டியூப் ஒன்று பதுளையில் ஓர் உடைசல் கடையில் இருக்கிறதாம், எடுத்துக்கொண்டு பின்னேர பஸ்ஸில் வருகிறேன் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். பகல் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது. லயத்தில் பிரசவம் பார்க்கும் அம்மாயி வந்து வயிற்றைத் தடவினாள். தடவத் தடவ அவள் முகம் மாறியது.

“புள்ள கால் கீழ கெடக்கு. என்னால ஆகாது. டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்க.”

ஒருவன் டிஸ்பென்சரி ஐயாவுக்குச் சொல்லக் குறுக்குப் பாதையில் ஓடினான். அப்பா லொறியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அம்மா படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏறு” என்றார் அப்பா.

“வேணாங்க. நான் நடந்தே போறேன்.”

“நடந்தா? ஒனக்கென்ன பைத்தியமா? எந் தங்கச்சி எப்படிப் போனான்னு தெரியும்ல?”

“தெரியும். அதான் நடக்குறேங்குறேன்.”

அப்பா சுற்றிப் பார்த்தார். லயமே கூடி நின்றது. அவர் கண்ணில் நான் பட்டேன். அம்மா கிழித்து மடித்து வைத்திருந்த பழைய சேலைத் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி நான் கையில் வைத்திருந்தேன். அப்பா வந்து என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி, மூட்டையோடு முன்சீட்டில் வைத்தார்.

“இந்தா பாரு. நம்ம புள்ளைய ஏத்திக்கிட்டு ஓடையத் தாண்டிக் காட்டுறேன். பாத்துட்டு அப்பறம் நீ ஏறு.”

“புள்ளைய எறக்குங்க.”

“ஒண்ணும் ஆகாது.”

“என்னங்க! புள்ளைய எறக்குங்க!”

எஞ்சின் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அம்மாவின் வாய் மட்டும் அசைந்தது. நான் இறங்கவில்லை. அழவும் இல்லை. அப்பாவின் பக்கத்தில் உட்காரும்போது பிள்ளைகள் அழமாட்டார்கள் என்று எப்படியோ எனக்குத் தோன்றியிருந்தது.

லயத்திலிருந்து ஓடைவரை கொஞ்ச தூரம்தான். மழைக் கம்பிகளுக்கு நடுவே ஓடை பழுப்பு நிறத்தில் பெருகி ஓடியது. அப்பா முதல் கியரில் மெல்ல இறக்கினார். லொறி இடதும் வலதுமாக ஆடியது. மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சேலைத் துணியில் அம்மாவின் மணம். அந்த எருமைப் பாறை கண்ணாடிக்கு முன்னால் வந்தது, பிறகு காணவில்லை. எங்களுக்கு அடியில் இருக்கிறது என்று தெரிந்தது. உரசும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உரசவில்லை.

அப்பா ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அடித்தார். சத்தமாகச் சிரித்தார்.

“பாத்தியா பாப்பா! தொடவே இல்ல! தொடவே இல்ல!”

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் முன்சக்கரம் ஓடையின் அக்கரையில் ஒரு குழிக்குள் விழுந்து எழும்பியது. என் காலடியில் எங்கோ ஒரு சத்தம். பச்சைப் பயற்றங்காயை ஒடிப்பது போல, அவ்வளவுதான். அப்பாவுக்குக் கேட்கவில்லை.

ஓடையைத் தாண்டினால் கொஞ்சம் ஏற்றம், பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை நீண்ட இறக்கம். அப்பா மடுவத்தடியில் லொறியைத் திருப்பிக்கொண்டு வந்து அம்மாவை ஏற்றுவதாக எண்ணியிருப்பார். ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றினார். உச்சியைத் தாண்டி இறக்கத்தில் லொறி இறங்கத் தொடங்கியதும் அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது. போய்க்கொண்டே இருந்தது. தரையைத் தொட்டது.

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. எடுத்து வைக்க மறந்துபோனது போல. மறுபடி அழுத்தினார். மறுபடி. கை பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. அது தொளதொளவென்று வந்தது. முதல் கியருக்கு மாற்றப் பார்த்தார். கியர் பற்கள் பெரிதாகக் கத்தின, விழவில்லை. அதன் பிறகு லொறியை எதுவும் பிடித்திருக்கவில்லை. எஞ்சின் சத்தம் கூடக் குறைந்துவிட்டது. காற்றும் மழையும் பலகைகளின் கடகடப்பும் மட்டும். வலப்பக்கம், அப்பாவின் பக்கம், மேகம் நிறைந்த பள்ளம். முன்னால் வளைவு.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பயத்தில் இருக்கும் பிள்ளை பெரியவர்களின் முகத்தைத்தானே பார்க்கும், அதில் தைரியம் இருக்கும் என்று? அங்கே இருந்தது என்னுடைய முகம்தான்.

“பாப்பா, தலையக் குனி” என்றார். மெதுவாகச் சொன்னார்.

மூட்டைக்குள் முகத்தைப் புதைத்தேன். லொறி இடப்பக்கம் மலையை நோக்கித் திரும்பியது. சக்கரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. இத்தனை உயரமான லொறி ஒரு மரம் சாய்வது போல என் பக்கமாகச் சாய்ந்து, மலையின் மண் சுவரில் உரசிக்கொண்டு, இழுபட்டு, நின்றது. ஜன்னல் வழியாகச் சேறும் பன்னச் செடியும் என் மேல் கொட்டின. வாயெல்லாம் மண். உதட்டில் ஏதோ பூச்சி ஊர்ந்தது.

கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. கேட்கிறது என்றால் உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்தது. அப்பாவின் நெற்றி கிழிந்து இரத்தம் மூக்கோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கையைக் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

“ஒங்கம்மா பாத்தாளா?” என்று கேட்டார்.

வெகுகாலம் எனக்கு அந்தக் கேள்வி தீராத வலியாக இருந்தது. இப்போது, அவர் அன்று இருந்த வயதைப் போல இரண்டு மடங்கு வயதில், அது என்ன கேள்வி என்று ஓரளவு தெரிகிறது. அந்தக் கணத்தில் அவர் டிரைவரும் இல்லை, அப்பாவும் இல்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட ஒரு பையன்.

அம்மா பார்த்திருந்தாள். லொறிக்குப் பின்னாலேயே குறுக்குப் பாதையில் இறங்கி, ஓடையைத் தாண்டி உச்சிக்கு வந்தவளுக்கு லொறி போகக்கூடாத வேகத்தில் போவதும், மலையில் மோதுவதும் தெரிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பிடித்திருந்த பொம்பிளைகளை உதறிவிட்டு வந்தாள். வலி கண்டவள் அப்படி நடந்ததை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. அப்பாவின் கதவு வழியாக நான் ஏறி இறங்கியதும் என் தலையில் தொடங்கிப் பாதம்வரை இரண்டு கையாலும் தடவினாள், சுளகில் அரிசியைத் தடவிக் கல் பார்ப்பது போல. ஒன்றும் உடையவில்லை என்று தெரிந்த பிறகுதான் ரோட்டிலேயே குந்திவிட்டாள். அதற்கு மேல் நகர முடியவில்லை. மடுவத்துக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே கொழுந்துச் சாக்குகளை விரித்தார்கள்.

டிஸ்பென்சரி ஐயா குடையும் பையுமாக ஏறி வந்துகொண்டிருந்தார். சாய்ந்து கிடந்த லொறியைப் பார்த்தார், சேற்றில் குளித்த என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“உமக்கு விசரே? பிள்ளையையும் ஏத்திக்கொண்டு...” என்று தொடங்கியவர், பாதியில் நின்றார். பிறகு வேறு குரலில், “உம்மட மனிசி எனக்குச் சொன்னவ. நான்தான் கேட்கேல்லை” என்றார். குடையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அப்பா குடையைப் பிடிக்கவில்லை. மடுவத்துக்கு வெளியே ஒரு கல்லில் மழைக்குள் உட்கார்ந்தார். கூரைக்குக் கீழ் வாங்க என்று கூப்பிட்டார்கள், வரவில்லை. நான் தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே அம்மா கத்தினாள். “பயப்பிடாதை பிள்ளை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று ஐயாவின் குரல். பிறகு அம்மா கத்துவது நின்றுவிட்டது. அம்மாயியின் குரலும் நின்றது. பலகைச் சுவருக்கு அப்பால் யாரும் பேசவில்லை. நான் சுவரில் காதை வைத்தேன். என் நெஞ்சுதான் கேட்டது. லொறியில் போகும்போது கூட எனக்கு அந்தப் பயம் வரவில்லை. லொறியில் சாவது நான். இங்கே சாகப்போவது அம்மா என்று நினைத்தேன். அப்பாவைப் பார்த்தேன். அவரும் தலையைச் சாய்த்து அதே மௌனத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் அவர் நெற்றி இரத்தத்தைக் கழுவிக் கழுவி வெளுப்பாக்கியது.

பிறகு சுளீரென்று ஒரு அறை விழும் சத்தம். இன்னொன்று. அதற்குப் பிறகு பூனைக்குட்டி முனகுவது போல ஓர் அழுகை.

தங்கச்சி.

கொஞ்ச நேரத்தில் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். அப்பா வாசல் நிலையோடு ஒட்டி நின்றார், உள்ளே காலெடுத்து வைக்காமல். அம்மாவின் முகம் சுண்ணாம்பு போலிருந்தது. நான் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, சாகும்வரை சொல்லவில்லை.

“லொறிய எறக்கிடுங்க” என்றாள்.

“எறக்குனா ஓடையத் தாண்டாதே.”

“தாண்டாட்டி என்ன. கல்லப் பொரட்டுங்க.”

“தோட்டத்து ரோட்டுல நாம எப்படிக் கை வைக்கிறது? அதுக்கு ஆளும் வேணும்.”

“ஆளா இல்ல? லயம் பூரா ஆளு” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கும்போது மாமா வந்தார், பேப்பரில் சுற்றிய டியூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. லொறியைப் பார்த்து, ரோட்டின் நடுவில் நின்று அழுதார். லயத்தில் பலர், சின்னப்பயல் செய்த வேலை இப்படித்தான் முடியும் என்று அவரைத்தான் பேசினார்கள். ஒரு நாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னிலையிலும் அப்பா சொன்னார்: “அவன் வேணாம்னுதான் சொன்னான். ஓட்டுனது நான்.” அப்பா அவ்வளவு நீளமாகப் பொது இடத்தில் பேசி நான் கேட்டதில்லை.

லொறியை இழுத்து நிமிர்த்தி, பழையபடி இறக்கி, பிரேக்கையும் சரிசெய்தார்கள். பஸ்ஸின் பட்டைகளை அப்பா எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று தெரியாது. கல்லோடையில் ஞாயிறு தோறும் வேலை நடந்தது. அதில் உங்கள் அப்பா அம்மாமாரும் நின்றார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய பாறையின் மேல் விறகைக் குவித்து எரித்து, சூட்டோடு சூடாகத் தண்ணீரைக் கொட்டிப் பிளந்தார்கள். பிளந்த சத்தத்தில் அப்பா ஒரு அடி பின்வாங்கியதைப் பார்த்தேன். யாருடைய அனுமதியில் இது என்று துரை வந்து கேட்டார். ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை. அவர் போய்விட்டார். உடைந்த கல்லையே பரவி, தண்ணீருக்கு அடியில் தட்டையாக ஒரு பாதை போட்டார்கள்.

முன்பே ஏன் இதைச் செய்யவில்லை என்று இப்போது கேட்பது சுலபம். ரோட்டு தோட்டத்தினுடையது, பாறை தோட்டத்தினுடையது என்று பெரியவர்கள் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அப்பாவுக்குத் தன்னுடையது என்று தொட முடிந்தது லொறி ஒன்றுதான்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் லொறி மறுபடி ஓடத் தயாரானது. தங்கச்சிக்கு ஊசி போடவேண்டும். நீங்கள் எல்லாரும் புத்தகப் பைகளோடு பின்னால் ஏறிவிட்டீர்கள். அம்மா பிள்ளையோடு முன்சீட்டில் தானாகவே ஏறி உட்கார்ந்தாள். அப்பா என்னிடம் வந்தார். என்னைத் தூக்கவில்லை. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“பாப்பா, வாரியா?” என்று கேட்டார்.

“நான் வரலப்பா” என்றேன்.

ஒரு பிள்ளையிடம் அவர் அனுமதி கேட்டதும், ஒரு பிள்ளை அவருக்கு இல்லை என்றதும் எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. திட்டுவார் என்று நின்றேன். “சரி” என்று தலையாட்டிவிட்டுப் போய் ஏறினார்.

லொறி புறப்பட்டது. நான் அதன் பின்னால் நடந்தேன். வளைவு வந்ததும் மறைந்துவிடும், பிறகு தனியாகத்தான் போகவேண்டும் என்று நினைத்தேன். மறையவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் எனக்கு முன்னால் அதே தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓடையைத் தாண்டியது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டும்வரை அக்கரையில் நின்றது. நான் உட்கார்ந்து காலைத் துடைத்தபோது நின்றது. எழுந்தபோது நகர்ந்தது. நீங்கள் பலகையைத் தட்டி, “டிரைவரய்யா, வேகமாப் போங்க! வேகமாப் போங்க!” என்று கத்தினீர்கள். அப்பா வேகமாகப் போகவில்லை. ஃபெக்டரி வாசல்வரை, ஒரு பிள்ளை நடக்கும் வேகத்தில் அந்த லொறி போனது.

அன்று நாம் எல்லாருமே பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனோம். ஏன் பிந்தியது என்று டீச்சர் கேட்டார். உங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.